ஹெட்செட்டில் பார்த்த சமையலறை: வி.ஆர். வைத்து வீடு காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு மூன்று படுக்கையறை வீடு. கும்பகோணத்துக் குடும்பம். மகனும் மருமகளும் ஐடி வேலை. சமையலறை முழுக்க அம்மா கையில். அம்மாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். கண்ணில் மாட்டினால், இன்னும் செய்யாத சமையலறைக்குள்ளேயே இருப்பது போலக் காட்டும் வி.ஆர். ஹெட்செட். அதை மாட்டிக்கொண்டு நின்றால் தடுமாறுவாரே என்று நாற்காலியில் உட்கார வைத்தோம். உட்கார்ந்திருந்தாலும் நின்று பார்ப்பது போலத் தெரியட்டும் என்று கண்மட்டத்தை ஐந்தடி ஆறு அங்குலத்தில் வைத்திருந்தேன். வீட்டை முப்பரிமாணத்தில் வரையும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் தானாக வந்து நிற்கும் அளவு அது. அம்மா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கைக்கு எட்டுற மாதிரிதான் தம்பி இருக்கு" என்றார். மகன் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்துப் போனால், மேல் அலமாரிக்காக அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். 34 அங்குல மேடையில் தோளைத் தூக்கித் தூக்கித் தோசை திருப்பிக்கொண்டிருந்தார் அம்மா. அன்று அவருக்கு நான் காட்டியது என் உயரத்துக்கான சமையலறை. கிரானைட்டை இனி இறக்க முடியாது. அவர் நிற்கும் இடத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு பலகை மேடை செய்துகொடுத்தேன், என் செலவில்.

பெங்களூரில் வீட்டு உள்அலங்கார வடிவமைப்புத் தொழிலுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஆட்டோகேட் மென்பொருளில் வரைந்த கோட்டுப் படத்தை விரித்துக் காட்டிய காலத்தில் வீட்டுக்காரர்களுக்குப் பாதி புரியாது. புரியாததாலேயே நூறு கேள்வி கேட்பார்கள்; அந்தக் கேள்விகளில் பாதித் தவறு பிடிபட்டுவிடும். 2016-ல் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் என்ற ஹெட்செட்டுகள் விற்பனைக்கு வந்தன. இப்போது ஸ்கெட்ச்அப்பில் வரைந்ததை என்ஸ்கேப் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக ஹெட்செட்டில் நடந்தே பார்க்கலாம். பார்த்தவர்கள் "சூப்பர்" என்கிறார்கள், கேள்வி கேட்பதில்லை. எனக்குப் பயமே அங்கேதான்.

அதனால் இப்போது முதல் வேலை தரை மட்டம். ஹெட்செட் தரையை நாலு அங்குலம் தவறாக எடுத்துக்கொண்டால் மேடை, அலமாரி, ஜன்னல் எல்லாமே நாலு அங்குலம் பொய் சொல்லும். முடிந்தவரை நிற்க வைத்துக் காட்டுங்கள். உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றால், சமைக்கப் போகிறவரின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். மேடை உயரத்துக்கு ஹெட்செட்டே வேண்டாம். கையை மடக்கி நிற்கச் சொல்லி, முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே குறித்தால் போதும்.

அடுத்த தவறு, பில்டர் கொடுத்த பிளானை வைத்தே கணினியில் மாடல் போடுவது. அவசரத்தில் நானும் செய்திருக்கிறேன். பத்தடி என்று பிளானில் இருக்கும். பூச்சும் டைலும் இரண்டு பக்கமும் தின்றது போக, தளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் குறையும். அந்த ஓர் அங்குலம் ஹெட்செட்டில் யாருக்கும் தெரியாது. ஃபிரிட்ஜுக்குத் தெரியும். சாவி கைக்கு வந்தபின் லேசர் மீட்டரை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சுவரையும் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அளங்கள். சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். பீமின் அடிமட்டம், ஏசி தண்ணீர்க் குழாய், மின் பெட்டி, கேஸ் குழாய் எல்லாம் மாடலுக்குள் வர வேண்டும். 2020-ல் ஐபேட் ப்ரோவிலும் ஐபோன் 12 ப்ரோவிலும் லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் வந்தது முதல் போனிலேயே அறையை ஸ்கேன் செய்து வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அறையின் வடிவம் தெரிந்துகொள்ள அது நல்ல உதவி. ஆனால் அதில் சென்டிமீட்டர் கணக்கில் பிசகு வரும்; தொழிற்சாலையில் 18 மி.மீ. பிளைவுட்டை மில்லிமீட்டர் கணக்கில் அறுக்கிறார்கள்.

வெளிச்சத்திலும் ஏமாறுவோம். மாடல் கோப்பில் எந்த ஊர் என்பதை மாற்றாமல் விட்டால் ஏதோ ஒரு நாட்டு வெயில் நம் ஹாலில் விழும். பெங்களூர் இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். "வடக்கு ஜன்னல்தானே, வெயில் வராது" என்று திரைச்சீலையைக் குறைத்தவர்கள் மே மாதம் போன் செய்வார்கள். இன்னொன்று, பால்கனிக்கு வெளியே மாடலில் நீல வானம் தெரியும். சர்ஜாபூர் சாலைப் பக்கம் பல வீடுகளில் அங்கே இருப்பது அடுத்த பிளாக். அதையும் ஒரு சாம்பல் பெட்டியாகவாவது மாடலில் நிறுத்துங்கள். ஹால் சட்டென்று இருட்டும். இருட்டட்டும், அதுதான் அந்த வீடு.

அலமாரிப் பலகை மேல் ஒட்டும் லேமினேட்டின் நிறத்தை ஹெட்செட்டில் முடிவு செய்யவே கூடாது. மாதிரித் துண்டை வாங்கி, தளத்தில் பகலில் ஒரு தடவை, வீட்டில் போடப்போகும் 3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி) விளக்கில் ஒரு தடவை பாருங்கள்.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது மாடலுக்குள் வைக்கும் சாமான்கள்தான். மென்பொருளோடு வரும் நூலகத்தில் ஒயின் கிளாஸ் இருக்கிறது, ஆர்க்கிட் தொட்டி இருக்கிறது, எஸ்பிரெசோ மெஷின் இருக்கிறது. வெட் கிரைண்டர் இல்லை. மேடை காலியாக, ஏர்போர்ட் லவுஞ்ச் மாதிரி பளபளக்கும். குடி வந்த மறுநாள் கிரைண்டர், மிக்ஸி, மூன்று குக்கர், தண்ணீர் கேன், அரிசி டப்பா எல்லாம் வரிசையில் நிற்கும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டேபிள் டாப் கிரைண்டர், இட்லிப் பாத்திரம், பித்தளைக் குத்துவிளக்கு, துணி உலர்த்தும் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் அளந்து வரைந்து வைத்துக்கொண்டேன். அவற்றைப் போட்டுக் காட்டினால் படம் அழகு குறையும். ஆனால் "கிரைண்டர் பிளக் எங்கே?" என்று கேள்வி வரும். பூஜை அலமாரியில் விளக்கின் சுடருக்கு மேல் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வரும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவரை உள்ளே வைக்காதீர்கள். கண் நடக்கிறது என்கிறது, சமநிலையைக் கவனிக்கும் உள்காது நிற்கிறேன் என்கிறது, தலை சுற்றும். மாலை வேளைக்கு வரும் பெண்கள் பலர் தலையில் பூ வைத்திருப்பார்கள். பட்டையை இறுக்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். 2017-ல் ஃபர்னிச்சர் நிறுவனமான ஐகியா விட்ட ஐகியா பிளேஸ் போல, போன் கேமராவில் அறைக்குள் சாமானை வைத்துக் காட்டும் செயலிகள், சோபா பால்கனிக் கதவை மறைக்குமா என்று பார்க்க அருமை. அந்தச் சோபா உங்கள் லிஃப்டுக்குள் நுழையுமா என்பதற்கு டேப்தான். ஹெட்செட்டுக்குள் தூரம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றுவதும் ஆய்வாளர்கள் பல முறை கண்ட விஷயம். அறை சின்னதாகத் தெரிகிறதே என்று கட்டிலை மாற்றுவதற்கு முன், தளத்தில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி நடந்து பாருங்கள்.

கடைசித் தவறு, ஹெட்செட்டில் பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆசாரிக்கு வாட்ஸ்அப் செய்வது. பெங்களூர்த் தளங்களில் ஆசாரி பெரும்பாலும் ராஜஸ்தான்காரர் அல்லது பீகார்க்காரர். நம் விளக்கத் தமிழ் அவருக்குப் போய்ச் சேராது, எண்தான் சேரும். மில்லிமீட்டரில் அளவு போட்ட படம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்ற குறி, வீட்டுக்காரர் கையெழுத்து மூன்றும் ஒரே தாளில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் ஹெட்செட்டில் பார்த்த கோப்பும் ஆசாரிக்குப் போன படமும் ஒரே தேதியுடையதா என்று பாருங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டுவிட்டால் தேட வேண்டாம். என் கணினியில் 'ஃபைனல் 7' என்று ஒரு கோப்பு இருக்கிறது. கட்டியது 'ஃபைனல் 5'-ஐ.