நின்று ஓட்டினால் இடுப்பு வலிக்கிறதா?

அஞ்செட்டி பக்கம் மண்பாதையில் நின்றுகொண்டு பைக் ஓட்டினால் பத்தே நிமிடத்தில் இடுப்பு கழன்றுவிடும். பெரும்பாலும் ஹேண்டில்பார் தாழ்வாக இருப்பதுதான் காரணம்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று, கை இயல்பாக எங்கே வருகிறது என்று பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பாரைச் சற்று முன்னால் திருப்பி இறுக்கினாலே பாதி சரியாகும். போதவில்லையென்றால் ஹேண்டில்பாரை உயர்த்த அதன் அடியில் வைக்கும் 20–30 மி.மீ. ரைசர் போடலாம். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள், கேபிள் இழுக்கக் கூடாது. எனக்கு ஒருமுறை இடது பக்கம் ஒடித்தாலே ஆக்சிலேட்டர் தானாக ஏறியது!

கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழே சாய்த்தால், நிற்கும்போது மணிக்கட்டு மடங்காது. உட்கார்ந்தால் சற்று இடிக்கும். பென்னாகரம் டவுனுக்குள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பூட்ஸ் போடுபவர்கள் கியர் லீவரைக் கழற்றி, அது மாட்டியிருக்கும் பல் வைத்த தண்டில் ஒரு பல் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.