கருகலைச் சுரண்டிவிட்டால் போதுமா?

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலையில் மீன் வறுவல் வாங்குபவர்கள், கருகிய ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டிலும் தீய்ந்த தோசையை அம்மா கரண்டியால் சுரண்டித்தான் தட்டில் போடுவார். கருப்பு போனால் கெடுதலும் போய்விடும் என்ற நம்பிக்கை. அது பாதிதான் சரி.

உருளைக்கிழங்கிலும் தானிய மாவிலும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சூடு 120 டிகிரியைத் தாண்டி, ஈரம் வற்றும்போது, அது சர்க்கரையோடு வினைபுரிந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு உண்டாகிறது. கருகும்வரை அது காத்திருப்பதில்லை. பண்டம் சிவக்கத் தொடங்கும்போதே கூடிக்கொண்டு போகிறது. புதுச்சேரி பேக்கரி ரொட்டியின் முறுகலான மேல்தோலிலும் உண்டு. சமைத்த உணவில் அது இருப்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002-இல்தான் அறிவித்தார்கள்.

"சாப்பிட்டது காலையில் வெளியே போய்விடும்" என்பது அடுத்த தவறு. அக்ரிலமைடு மிகச் சிறிய மூலக்கூறு, நீரில் கரைவது. குடலிலிருந்து சுலபமாக ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவையும் எட்டுகிறது. ஒரு பகுதியைக் கல்லீரல், நச்சை முறிக்க உடலே தயாரிக்கும் குளுட்டதயோனுடன் பிணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். இன்னொரு பகுதியைக் கிளைசிடமைடாக மாற்றுகிறது. டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்வது அதுதான். சிவப்பணுவின் ஹீமோகுளோபினிலும் அக்ரிலமைடு, கிளைசிடமைடு இரண்டும் ஒட்டும். அந்த அணு வாழும் 120 நாள் வரை தடயம் இருக்கும்.

மீன், இறைச்சியின் கணக்கு வேறு. தசையில் உள்ள கிரியேட்டின் கடும் சூட்டில் ஹெட்டரோசைக்ளிக் அமீன்கள் என்ற, புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய பொருள்களாகிறது. கங்கில் சுடும்போது கொழுப்பு சொட்டிப் புகை கிளம்புமே, அதில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருள் வருகிறது. இது கொழுப்பில் கரைவதால் மீனின் எண்ணெயோடு சேர்ந்தே குடலில் உறிஞ்சப்படும். அதை வெளியேற்ற உடல் மாற்றும்போதுதான் டி.என்.ஏ.வைத் தாக்கும் வடிவமும் பிறக்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே, "பிறகு மோர் குடித்தால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடக் கூடாது. உருவாவதைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

நேற்றுப் பொரித்த எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். எண்ணெய் சிதையும்போது சேரும் துருவப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தியாவில் விதியே இருக்கிறது.

பயந்துபோய் மீனையே விட்டுவிடுவதும், கோழியை அரைவேக்காட்டில் இறக்குவதும் பெரிய தவறுகள். குழம்பில் கொதிக்கும் சங்கராவுக்கும் ஆவியில் வேகும் இட்லிக்கும் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். இந்தத் தொல்லை அங்கே மிகக் குறைவு. வறுக்கத்தான் வேண்டுமென்றால், பூண்டும் மஞ்சளும் எலுமிச்சையும் சேர்த்து ஊறவையுங்கள், அமீன்கள் குறையும். கங்கில் சுடுவதானால் மீனைத் தணலுக்குச் சற்று உயரத்தில் வைத்து அடிக்கடி திருப்புங்கள். உருளைக்கிழங்கை நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, வடித்துத் துடைத்த பிறகு எண்ணெயில் போடுங்கள். லேசாகப் பொன்னிறம் வந்ததும் அரித்து எடுத்துவிடுங்கள்.