பால்வெளி மையத்துப் பழைய விண்மீன்களின் வேதிக்கூறுகளைக் கண்டறியும் முறை

ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் அனைத்தையும் வானியலாளர் உலோகம் என்றே குறிப்பர். பால்வெளியின் மையத்தில் உலோகம் மிகுந்த விண்மீன்களே குவிந்திருப்பதாலும், இடையிலுள்ள தூசு ஒளியை மங்கச் செய்வதாலும், பழையவையாகிய உலோகம் குறைந்த விண்மீன்களை முதலில் சலித்தெடுக்க வேண்டும். அதற்குக் கால்சியம் விண்மீன் ஒளியை உறிஞ்சுவதால் 393.4, 396.8 நானோமீட்டர் அலைநீளங்களில் தோன்றும் இருண்ட கோடுகளை உள்ளடக்கும் குறுகிய வடிகட்டி வழியே படம் எடுங்கள். உலோகம் குறைந்த விண்மீனில் அக்கோடுகள் மெலிந்திருப்பதால், அது அவ்வடிகட்டியில் சற்றுப் பொலிவாகத் தெரியும். ஹவாயிலுள்ள கனடா-பிரான்ஸ்-ஹவாய்த் தொலைநோக்கியைக் கொண்டு பிரிஸ்டீன் ஆய்வுக் குழுவினர் இவ்வாறே தேர்ந்தெடுத்தனர்.

பின்னர் நுண்பிரிதிறன் நிறமாலையில் இரும்பை அளந்து சூரியனோடு ஒப்பிடுங்கள்: மடக்கை அளவில் −2 என்பது நூறில் ஒரு பங்கு, −3 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. இரும்போடு ஒப்பிட மெக்னீசியம் மிகுந்திருந்தால், வெண்குறுமீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) வெடிப்புகள் இரும்பைப் பெருமளவு கொட்டுவதற்கு முன்பே, பெருநிறை விண்மீன்களின் வெடிப்பில் சிதறிய வாயுவிலிருந்து அவ்விண்மீன் பிறந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கார்பனை அளக்கும்போது மிகுந்த கவனம் தேவை. முதுமையில் பருத்துச் சிவந்து செம்பெருமீனாக வளர்ந்த விண்மீனில் உட்கலப்பினால் மேற்பரப்புக் கார்பன் குறைந்துவிடுமாதலால், அவ்விழப்பைத் திருத்தாமல் எம்முடிவுக்கும் வராதீர்கள்.

விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவைக்கொண்டு சுற்றுப்பாதையையும் கணக்கிடுங்கள். சில விண்மீன்கள் பால்வெளியைச் சூழ்ந்த புற ஒளிவட்டத்திலிருந்து வந்து மையத்தைக் கடந்து செல்பவை மட்டுமே.