நேரம் கிடக்கிறதே என்று நினைத்து நாங்கள் செய்த தவறுகள்

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. வைத்தீஸ்வரன்கோயில் கோபுர வாசலில், வாடகைக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறோம். நடை சாத்தியாயிற்று, இனி நான்கு மணிக்குத்தான். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு, சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. ஒன்பது நவக்கிரகக் கோயில்களில் ஐந்துதான் முடிந்திருந்தது. "காலைல அஞ்சரைக்கே கிளம்பிட்டோமே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பிய நேரத்தில் தவறில்லை. ஒரே நாளில் ஒன்பது என்று கணக்குப் போட்டதுதான் தவறு. போட்டது கணக்கு டீச்சரான நான்.

நான் அரசுப் பள்ளி, அவர் தபால் துறை. இருவரும் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். வேலையில் இருந்தவரை ஒரு நாள் லீவு கிடைத்தால் அதற்குள் நாலு காரியத்தைத் திணித்தே பழகிவிட்டோம். லீவே தேவைப்படாத காலம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இன்னொரு பக்கம், தேதி பார்த்துச் செய்ய வேண்டியதை எல்லாம் "நேரம்தான் கிடக்கிறதே" என்று தள்ளிப்போடுவோம். எங்கள் தவறுகளில் பாதி முதல் ரகம், பாதி இரண்டாவது ரகம்.

நவக்கிரகப் பயணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், தெரிந்தவர்கள் பலர் இதே மாதிரி மாட்டியிருக்கிறார்கள். திருவையாறு பக்கத்துத் திங்களூர், அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். இந்த ஐந்துக்கும் கும்பகோணத்தில் தங்கிக்கொண்டு போய் வரலாம். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் சீர்காழி, பூம்புகார் பக்கம். திருநள்ளாறு காரைக்காலுக்கு அருகே. போனில் வழி போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் போலத்தான் தெரியும். மதியம் நடை சாத்துவது அதில் தெரியாது. ராகுகாலமும் தெரியாது. திருநாகேஸ்வரத்தில் ராகுகாலத்தில் பாலாபிஷேகம் நடக்கும், ஊற்றும் பால் நீலமாக மாறும் என்பது நம்பிக்கை, அதைப் பார்க்கவே கூட்டம் வரும். சனிக்கிழமை ராகுகாலம் காலை 9 முதல் 10:30 வரை. நாங்கள் சரியாக ஒன்பதரைக்குப் போய் வரிசையில் நின்றோம். அங்கே வரிசையில் செலவான நேரம்தான் மதியம் எங்களை வைத்தீஸ்வரன்கோயில் வாசலில் உட்கார வைத்தது. சாயங்காலம் திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமையை விட்டால் வழியில்லை. எங்களுக்கு என்ன வந்தது? ஏன் சனிக்கிழமை கிளம்பினோம் என்று கேட்டால் இன்றுவரை இருவரிடமும் பதில் இல்லை. இரண்டு நாளாகப் பிரித்து, முதல் நாள் கும்பகோணத்து ஐந்து, மறுநாள் மிச்சம் நான்கு என்று போயிருந்தால் மதியம் அறையில் ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம். ஆலங்குடிக்கு வியாழன், வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் செவ்வாய் என்று அந்தந்தக் கிரகத்துக்கு உரிய நாளைத் தவிர்த்தாலே கூட்டம் பாதியாகும். அன்றைக்கே கும்பிட்டால்தான் பலன் என்பவர்கள் அந்த ஒரு கோயிலுக்கு மட்டும் அன்று போய் வருவது நல்லது.

ரயில் டிக்கெட் விஷயத்தில் நடந்தது இரண்டாவது ரகம். பெங்களூரில் மகன் இருக்கிறான். ராத்திரி திருச்சியில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது அங்கே இருக்கலாம். "நமக்கு என்ன, எந்த நாள் கிடைத்தாலும் போகலாம்" என்று விட்டுவிடுவோம், கடைசியில் பேரனின் பிறந்தநாளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் நிற்போம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120 நாள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி. ஆனால் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருக்க வேண்டும். பலரும் பொது ஒதுக்கீட்டிலேயே போட்டுவிட்டு, விருப்பம் என்ற இடத்தில் கீழ்ப் படுக்கையைத் தட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது வெறும் விருப்பம்தான். ஒதுக்கீடு என்ற இடத்திலேயே மூத்த குடிமக்களுக்கானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம். அந்த ஒதுக்கீடு தனியாகப் போகிறவருக்கும், ஒரே டிக்கெட்டில் போகும் இருவருக்கும்தான். "எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்று என் தங்கையையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டோம். மூட்டு வலியோடு நான் நடுப் படுக்கையில் ஏறி இறங்கினேன். இப்போது தங்கைக்குத் தனி டிக்கெட்.

சரி, போய் இறங்கிவிட்டோம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பிள்ளை வீட்டுக்கும் பொருந்துமா என்றால், நாள் கணக்கு முக்கியமில்லை என்பேன். போன இடத்தில் நமக்கு வேலையில்லை, அவர்களுக்கு இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மறப்பதுதான் ஆபத்து. ஒரு மதியம் சும்மா இருக்க முடியாமல் மருமகளின் சமையலறையை ஒழுங்குபடுத்தினேன். டப்பாக்களைத் துடைத்து, பருப்பு ஒரு வரிசை, மசாலா ஒரு வரிசை, சீரகத்தையும் சோம்பையும் தள்ளித் தள்ளி வைத்தேன். எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை ஆறேமுக்காலுக்கு அடுப்பில் எண்ணெய் புகைகிறது, ஏழு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். "அத்தை, சீரகம் எங்க வச்சீங்க?" குரலில் கோபமில்லை. கோபத்தை விழுங்கியது மட்டும் தெரிந்தது. நான் எடுத்துக் கொடுப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட்டுப் பிரெட்டை எடுத்தாள். அன்றைக்குப் பேரனுக்கு மதியச் சாப்பாடு ஜாம் தடவிய பிரெட்.

இப்போதெல்லாம் போவதற்கு முன்பே கேட்டுவிடுகிறோம். பரீட்சை எப்போது, ஆபீசில் நெருக்கடி எந்த வாரம், எங்களுக்கு ஒதுக்கிய வேலை என்ன? பேரனைச் சாயங்காலம் பூங்காவுக்குக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு, கீரை ஆய்வது என் பொறுப்பு. இதற்கு மேல் கேட்டால் மட்டும். சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்தும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். நாங்கள் அப்படி ஒருமுறை போனபோது வீடு பூட்டிக் கிடந்தது, அவர்கள் கூர்க்கில் இருந்தார்கள்.

மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அமெரிக்கப் பயணத்தில் பெற்றோர்கள் குழம்பும் முதல் விஷயம் விசா. பத்து வருடம் என்று பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பத்து வருடத்துக்குள் அங்கே போய் இறங்கலாம் என்பது மட்டுமே அதற்குப் பொருள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார், பெரும்பாலும் ஆறு மாதம். ஐ-94 என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும். போன வாரத்திலேயே இணையத்தில் எடுத்துப் பார்த்து, திரும்பும் டிக்கெட் அதற்குள் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருவார்கள் என்ற பகுதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். மருந்துகள் டாக்டர் சீட்டோடு கைப்பையில் வர வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது.

அப்புறம் கறிவேப்பிலை. மகள் கேட்டாள் என்று ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனேன். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பாழாக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் தங்கும். அதனால் பச்சை இலைக்கு அங்கே அனுமதி இல்லை. உணவுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் எழுதியிருந்ததால் எடுத்துப்போட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். எழுதாமல் மறைத்து மாட்டினால் அபராதம். பருப்புப்பொடி, வற்றல் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம் ஒன்று இருக்கிறது. அந்த மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஊரில் இருந்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை எடுத்து முடித்துத் தருகிறார். வீட்டுக்காரர் அந்தத் துறையிலேயே இருந்தவர், ஆனாலும் நவம்பர் முழுக்க மகள் வீட்டில் இருக்கிற மாதிரி டிக்கெட் போட்டார். நல்ல வேளை, மாற்ற முடிந்தது.

ஊருக்குப் போனால், போட்டோவைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். ரயில் ஏறியவுடனே ஸ்டேட்டஸ் வைத்தால் வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்கே அறிவித்ததாகிவிடும். வெளியூர் போவதைக் காவல் நிலையத்தில் சொல்லிவைத்தால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள்.

மாடித் தோட்டம் என் பொழுதுபோக்கு. தொடங்கிய வேகத்தில் நாற்பது பைகள் வாங்கினேன். வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பினேன். நனைந்த மண் ஒரு கன அடியே நாற்பது கிலோவைத் தாண்டும் என்று கணக்கு டீச்சருக்குத் தோன்றவில்லை, தளத்தில் ஓதம் கண்ட பிறகுதான் உறைத்தது. பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு கலந்தேன். அதைக் கழுவாமல் கலந்ததால் உப்பு ஏறி நாற்றுகள் நுனி கருகின. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்தால் தீருகிற விஷயம். சித்திரை வெயிலில் தக்காளி பூ உதிர்த்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஒரு பழமொழியே இருக்கும்போது பங்குனியில் நட்டால் அப்படித்தான். இப்போது பைகள் பன்னிரண்டு. கீரை, கத்தரி, வெண்டை. பத்து நாள் வெளியூர் போனாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "தண்ணி ஊத்தும்மா" என்று சொல்லக்கூடிய அளவு.

அதைவிடப் பெரிய தவறு, சும்மாதானே இருக்கிறார் என்று வீட்டுக்காரரையும் மாடிக்கு அழைத்தது. ஒரே வாரத்தில் அவர் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். எந்தப் பைக்கு எப்போது தண்ணீர் ஊற்றினேன் என்று நோட்டுப் போட்டார். வேப்பெண்ணெய் கலக்கும்போது பக்கத்தில் நின்று அளவு கேட்டார். செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் மாடிப்படி ஏறவே பிடிக்காமல் போனது. அவருடைய தபால்தலைச் சேகரிப்பில் நான் ஒருநாள் இதே மாதிரி கை வைத்தேன். பசை தடவி ஒட்டலாமா என்று கேட்டதற்கே அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து மாடி என்னுடையது, ஆல்பம் அவருடையது.

காலை நடையிலும் இதேதான். தம்பதி என்றால் சேர்ந்து நடக்க வேண்டும் என்று நினைத்து ஒரு வருடம் சண்டை போட்டோம். அவர் பதினைந்து அடி முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பார், நான் மூச்சு வாங்கிக்கொண்டே கோபமாகப் போவேன். இப்போது கோயிலைச் சுற்றி வரும் சித்திரை வீதியில் ஒரே இடத்தில் கிளம்பி, அவர் கிழக்கே, நான் மேற்கே. எதிரெதிராக வந்து வடக்கு வீதிப் பக்கம் சந்திக்கிறோம். அவர் வேகத்துக்கு அவர்தான் முதலில் வந்து நிற்பார். நான் போய்ச் சேரும்போது கடைக்காரர் இரண்டு காபியை ஆற்றிக்கொண்டிருப்பார், ஒன்று சர்க்கரை இல்லாமல்.