சுவரோவிய நகல்களைப் பார்க்கும்போது நேரும் தவறுகள்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் உள்ள பிராங்காச்சி சிற்றாலயத்தில், ஏதேனிலிருந்து விரட்டப்படும் ஆதாமையும் ஏவாளையும் ஓவியர் மசாச்சோ 1420களில் சுவரில் வரைந்தார். அப்போது அவர்கள் உடம்பில் ஒரு இலைகூடக் கிடையாது. நிர்வாணத்தை மறைக்க இலைகள் சேர்க்கப்பட்டது 1680 வாக்கில். 1980களில் சுவரைச் சுத்தம் செய்தபோதுதான் அவை போயின. ஆக, 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சுவர் முன் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் நகலெடுத்தவர் கண்ணில் பட்டது இலையோடு நின்ற ஆதாம்தான்.

அந்த நகலை வைத்துக்கொண்டு "மசாச்சோ இப்படித்தான் வரைந்தார்" என்று சொல்வதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. நகல் சாட்சி சொல்வது, அது எடுக்கப்பட்ட அன்று சுவர் இருந்த கோலத்துக்கு. நிறமும் அப்படியே. 1771இல் அந்தச் சிற்றாலயம் இருக்கும் தேவாலயம் தீப்பிடித்ததில் சுவரெல்லாம் புகையேறிவிட்டது. நகலில் தெரியும் மங்கலை ஓவியரின் ரசனை என்று எழுதிவிடக் கூடாது.

அதே ஃபிளாரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். அங்கே பார்தி சிற்றாலயத்தில் ஓவியர் ஜோத்தோ வரைந்து, பிற்பாடு சுண்ணாம்பு பூசி மறைத்திருந்த ஓவியங்கள் 1850களில் வெளிவந்தன. அழிந்துபோன இடங்களை, அவற்றைச் சீரமைத்த கயெத்தானோ பியாங்கி தன் கையால் வரைந்து நிரப்பினார். சுமார் நூறு வருடம் கழித்து பியாங்கி சேர்த்தவற்றை நீக்கினார்கள். இடைப்பட்ட காலத்து நகலில் ஒரு முகம் அழகாக இருந்தால், அது ஜோத்தோவுடையதா பியாங்கியுடையதா என்று முதலில் கேளுங்கள். நகலின் தேதி தெரியாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

அப்புறம், அச்சுப்படத்தை நீர்வண்ணம் என்று நினைப்பது. லண்டனில் 1848இல் தொடங்கி 1897 வரை இயங்கிய அருண்டல் சங்கம், ஓவியர்களை இத்தாலிக்கு அனுப்பி நீர்வண்ண நகல் எடுக்கவைத்தது. அவற்றைப் பார்த்துக் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறையில்) பல நிறங்களில் படம் அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. இன்று வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த அச்சுப்படங்களே. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: அச்சில் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். நீர்வண்ணத்தில் அடியில் பென்சில் கோடு, ஈரம் காய்ந்த விளிம்பில் நிறம் திரண்ட கரை. அந்தக் கரையைப் பார்த்தால் சுவர் முன் உட்கார்ந்திருந்த மனிதரே பக்கத்தில் இருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

கையில் இருப்பது நீர்வண்ணம்தான் என்றால் வெயில்படும் சுவரில் மாட்டாதீர்கள். வெளுத்த நிறம் திரும்பாது.

"நகல்தானே" என்று ஒதுக்குவதும் தவறுதான். இத்தாலியின் பாதுவா நகரில் உள்ள ஒவேதாரி சிற்றாலயத்தில் ஓவியர் மான்தேன்யா வரைந்த சுவர்களில் பெரும்பகுதி 1944 மார்ச் 11 அன்று குண்டுவீச்சில் நொறுங்கியது. பொறுக்கிய ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பிற்பாடு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் துணையோடு பொருத்தினார்கள். துண்டுகளுக்கு நடுவே நிறைய வெற்றிடம். அங்கே என்ன உருவம் இருந்தது என்பதைப் புகைப்படம் சொல்லும். நிறத்தைக் கேட்க வேண்டுமானால், குண்டு விழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதே சுவரைப் பார்த்து எடுத்த நகல்களிடம்தான் போக வேண்டும்.