தடுப்பாட்ட விருதைத் திட்டும் முன்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் இன்னார் என்று அறிவித்த மறுநிமிடம் 'அநியாயம்' என்ற கூச்சல் கிளம்பிவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவன்தான். கத்திக் களைத்த பிறகுதான் புரிந்தது, அநியாயம் இல்லாத இடத்தில் சண்டை போட்டுவிட்டு, அது உண்மையில் இருந்த இடத்தைக் கவனிக்காமலே கடந்து வந்திருக்கிறேன் என்று. அந்தப் பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பிழை, ஸ்கோர் தாளை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. 1987–88 சீசனில் சிகாகோ அணியின் மைக்கேல் ஜோர்டனின் கணக்கில் 259 ஸ்டீல்களும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) 131 பிளாக்குகளும் (கூடையை நோக்கி எறிந்த பந்தைத் தட்டித் தடுப்பது) இருந்தன. புள்ளிக் குவிப்பில் முதலிடம் பிடித்தவரே தடுப்பாட்ட விருதையும் தட்டிச் சென்றார். அந்த 259ஐச் சொந்த அரங்கம், வெளியூர் என்று பிரித்துப் பாருங்கள். சிகாகோவில் 165, மற்ற ஊர்களில் 94. பிளாக்குகள் 84, 47. இரு பக்கமும் 41 ஆட்டங்கள்தான். சொந்த ஊரில் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகத் துள்ளுவார்கள், சரி. இது கொஞ்சமா?

காரணம் எளிது. ஆட்டம் நடக்கும் ஊரின் அணி அமர்த்திய ஆட்களே மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். பந்து கூடைக்குள் விழுந்ததா என்பதில் யாருக்கும் ஐயம் வராது. ஆனால் விரல்நுனி பட்டுத் திசைமாறிய பந்து யாருடைய ஸ்டீல்? எறிந்தவரின் கையிலிருந்தே நழுவியதா, இவர் தட்டிவிட்டாரா? இங்கே பேனா பிடித்தவரின் மனம் நுழைந்துவிடுகிறது. 2024இல் ஒரு பத்திரிகையாளர் அந்த சீசனின் சில சிகாகோ ஆட்டங்களின் ஒளிப்பதிவைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தாளில் இருந்த ஸ்டீல்களில் பல திரையில் இல்லை என்று எழுதினார். இதனால் ஜோர்டன் மட்டமான தடுப்பாட்டக்காரர் ஆகிவிட மாட்டார். அதே ஆண்டு பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் தடுப்பாட்ட அணியிலும் (சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் ஐவரின் பட்டியல்; அடுத்த ஐவர் இரண்டாம் அணி) அவர் இருந்தார். எதிரில் நின்று திணறியவர்கள் ஸ்கோர் தாளைப் பார்த்தா வாக்களித்திருப்பார்கள்?

இதைப் படித்ததும் எதிர்ப்பக்கப் பிழையில் போய் விழக் கூடாது. 2023 தொடக்கத்தில் மெம்ஃபிஸ் அணியின் ஜேரன் ஜாக்சன் ஜூனியரின் பிளாக்குகளை உள்ளூர்க்காரர்கள் ஊதிப் பெருக்குகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு இணையத்தில் தீயாகப் பரவியது. அதற்கும் ஆதாரம் சொந்த அரங்குக்கும் வெளியூருக்கும் இருந்த வித்தியாசம்தான். ஆனால் இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒளிப்பதிவு இருக்கிறது. பதிவான எண்களை லீக்கின் தணிக்கையாளர்கள் சரிபார்க்கிறார்கள். பதிவுகள் விதிப்படியே இருக்கின்றன என்று லீக் சொன்னது. காணொளிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தவர்களும் பெரிய முறைகேட்டைக் காணவில்லை. அந்த ஆண்டு விருது அவருக்கே போனது. எண்ணில் வித்தியாசம் கண்டால் ஒளிப்பதிவைத் தேடுங்கள். அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

எண்கள் நேர்மையாகவே எழுதப்பட்டிருந்தாலும் அவை எதைச் சொல்கின்றன என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நல்ல தடுப்பாட்டம் பெரும்பாலும் நடக்காமல் போன விஷயம். ரூடி கோபேர் வளையத்தின் கீழ் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்த வீரர் பந்தை வெளியே திருப்பி அனுப்பினால், அது எந்தத் தாளிலும் ஏறாது. ஸ்டீலுக்காகப் பாய்ந்து ஏமாந்து, பின்னால் நான்கு பேரை ஐந்து பேருடன் மல்லுக்கட்ட விட்டவரின் பாய்ச்சலும் ஏறாது. அவர் வென்ற பாய்ச்சல்கள் மட்டும் ஏறும். டிம் டங்கன் 15 முறை தடுப்பாட்ட அணிகளில் இடம்பெற்றவர். ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. காலை வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, குதிக்காமல் கையை உயர்த்தி நிற்பவரை யாருக்கு நினைவிருக்கும்?

சரி, எதிரணி வீரர் இவர் முன்னால் எத்தனை சதவீதம் போட்டார் என்று பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், வளையத்தின் அருகே. தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்துகளில் அதை அப்படியே நம்பாதீர்கள். எறிய விடாமல் தடுப்பது தடுப்பாட்டக்காரரின் திறமை. எறிந்த பந்து விழுகிறதா விழவில்லையா என்பதில் எறிந்தவரின் கையும் அன்றைய அதிர்ஷ்டமும்தான் அதிகம்.

அடுத்தது, இரண்டு விருதுகளைப் போட்டுக் குழப்புவது. 2012இல் டைசன் சாண்ட்லரும் 2013இல் மார்க் கசோலும் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர்கள். இருவருமே அந்தந்த ஆண்டு இரண்டாம் தடுப்பாட்ட அணியில்தான் இடம்பெற்றார்கள். நாட்டிலேயே முதல்வன், வகுப்பில் இரண்டாமவன்! ஊழல் என்று நினைத்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. தனி விருதுக்குப் பத்திரிகையாளர்கள் வாக்களித்தார்கள், அணிகளைப் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2013–14 முதல் இரண்டுமே ஊடகத்தார் கையில். பயிற்சியாளர்களிடமே விட்டிருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தன் அணிக்காக இரவு பகலாகத் திட்டம் தீட்டும் மனிதர், ஆண்டுக்குச் சில முறை மட்டுமே பார்க்கும் வீரரைப் பழைய பெயரை வைத்தே குறித்துவிடுவது இயல்புதான்.

வாக்கு எண்ணும் முறை தெரியாமல் பேசுவதும் ஒரு பிழை. ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுதுகிறார்கள். முதலிடத்துக்கு 5 புள்ளி, அடுத்ததற்கு 3, மூன்றாவதற்கு 1. 2014–15இல் டிரேமண்ட் கிரீனுக்கு 45 முதலிட வாக்குகள். கவாய் லெனர்டுக்கு 37. விருது லெனர்டுக்கு, 333க்கு 317 என்ற புள்ளிக் கணக்கில். கிரீனை முதலில் எழுதாதவர்களில் பலர் அவரை எழுதவே இல்லை; லெனர்டை அதிகம் பேர் இரண்டாவதாகவேனும் எழுதினார்கள். இந்த முறையைக் குறை சொல்ல நினைத்தால் சீசன் தொடங்கும் முன் சொல்ல வேண்டும். நமக்குப் பிடித்தவர் தோற்ற பிறகு சொன்னால் அது புலம்பல்.

அந்த சீசனில் லெனர்ட் ஆடியவை 64 ஆட்டங்கள். இன்றைக்கு என்றால் அவர் பெயரைச் சீட்டில் எழுதவே முடியாது. 2023–24 முதல் இத்தகைய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். 2018இல் கோபேர் 56 ஆட்டங்களுடன் வென்றார், ஜாக்சன் 63 ஆட்டங்களுடன் வென்றார். 2024–25இல் விக்டர் வெம்பன்யாமாவுக்குத் தோளில் ரத்தம் உறைந்து 46 ஆட்டங்களோடு சீசன் முடிந்துபோனது. ஆட்டத்துக்கு 3.8 பிளாக்குகள் என்ற சராசரியுடன் லீக்கிலேயே முன்னால் நின்றவர் அவர். விருது இவான் மோப்லிக்குப் போனதும் வாக்காளர்களைத் திட்டியவர்கள் விலாசம் மாறித் திட்டினார்கள். அந்த வாசலை அடைத்தது லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து எழுதிய ஒப்பந்தம்.

உயரமானவர்களுக்கே கொடுக்கிறார்கள் என்ற புகாரில் பாதி உண்மை இருக்கிறது. 1996இல் கேரி பேட்டனுக்குப் பிறகு ஒரு கார்டு வீரர் (வளையத்துக்கு வெளியே நின்று ஆடும், பொதுவாக உயரம் குறைந்தவர்) வெல்ல 2022இல் மார்கஸ் ஸ்மார்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் விருது தொடங்கிய 1983 முதல் ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை வென்றவர்கள் வளையத்தை விட்டு வெளியே நின்று காத்த வீரர்களே. முதல் இரண்டும் சிட்னி மாங்க்ரீஃபுக்கு. ஆக இது தொன்றுதொட்ட பாரபட்சம் அல்ல. வளையத்தைக் காப்பவர், தோழர்கள் நால்வர் விட்ட பிழையையும் சேர்த்துத் துடைக்கிறார். அதற்கு எடை கூடுதல் என்றே நானும் நினைக்கிறேன். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் சண்டை.

விருது வெறும் கோப்பை என்று நினைப்பது கடைசிப் பிழை. இதை வென்ற மூத்த வீரர், அணியின் சம்பள உச்சவரம்பில் 30 சதவீதத்துக்குப் பதில் 35 சதவீதம் வரை கேட்கும் தகுதியைப் பெறக்கூடும். பல கோடி டாலர் வித்தியாசம். அதைத் தீர்மானிக்கிற வாக்கு, அந்த வீரரை நாளை பேட்டி காணப் போகிற பத்திரிகையாளரிடம் இருக்கிறது. எனக்கு நெருடுவது இந்த இடம்தான், ஆனால் அறிவிப்பு நாளில் இதைப் பற்றி யாரும் கத்துவதில்லை. யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை லீக் பெயரோடு வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைத் திறந்து படிக்க பத்து நிமிடம் போதும்.