கொழும்புக்கு வெளிய காணித்துண்டு இருக்கோ? விறகு எடுக்கிற முறை

2022ல காஸ் லைன்ல வெறும் சிலிண்டரோட நிண்ட ஆக்களுக்கு விறகின்ர அருமை தெரியும். வெள்ளவத்தை பிளாட்டில அஞ்சாம் மாடியில அடுப்பு மூட்டச் சொல்லேல்ல, ஆனா ஹோமாகம, பாதுக்க, ஹங்வெல்ல பக்கம் அரை ஏக்கர் காணியும் ஒரு குசினிப் பத்தியும் இருக்கிறவை காஸை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

மரம் எண்டால் சீமைக்கிளுவைதான், அதான் கிளிரிசிடியா. 2005ல அரசாங்கமே தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் எண்டு அறிவிச்சது. மே மழை தொடங்கேக்க ஆளுயரத் தடியா வெட்டி வேலியோரம் ஊண்டி விடுங்கோ, பிடிச்சிடும். முதல் ரெண்டு வருசம் கை வைக்காதேங்கோ. பிறகு இடுப்புயரத்தில, தண்ணி தேங்காத மாதிரி சரிவா, பட்டை கிழியாம நல்ல கூரான கத்தியால வெட்டினால் அடிக்கட்டையில இருந்து திருப்பித் துளிர்க்கும். இந்த வருசம் பாதி மரம், அடுத்த வருசம் மற்றப் பாதி. கொப்பு வட்டி மாதிரி, அதை எடுக்கலாம், அடிமரம் போட்ட முதல் மாதிரி, அதில கை வைக்கக் கூடாது, வேரோட சாய்ச்சிட்டு பசுமை எரிசக்தி எண்டு சொல்லுறது சும்மா கதை. இலையைத் தென்னை அடியில போடுங்கோ, நல்ல பசளை.

பலா, ஈரப்பலா ரெண்டையும் நினைச்சபடி வெட்டேலாது, 1951ம் ஆண்டுச் சட்டப்படி பெர்மிட் வேணும், முதல்ல கிராம சேவகரைக் கேளுங்கோ. பக்கத்துத் தோட்டத்தில பழைய ரப்பர் பிடுங்கினா கொப்புகளை வாங்கலாம், ஆனா ரப்பர் கெதியா பூஞ்சணம் பிடிக்கும், வந்த கையோட கொத்திப் போடோணும்.

இப்ப முக்கியமான விசயம், காய வைக்கிறது. பச்சை விறகில கிட்டத்தட்டப் பாதி தண்ணி, அதை எரிச்சா சூட்டில ஒரு பங்கு தண்ணியை ஆவியாக்கவே போயிடும், புகையும் கண்ணெரிவும் வேற. ஜனவரி, பெப்ரவரி வெயிலுக்கு வெட்டிக் கொத்துங்கோ, மணிக்கட்டு மொத்தத்துக்கு மேல வேண்டாம், உருண்டையா பட்டையோட விட்டா உள்ளுக்க ஈரம் நிண்டிடும். நிலத்தில வைக்காம ரெண்டு வரி புளொக் கல்லு போட்டு அதுக்கு மேல காத்து போற மாதிரி இடைவெளி விட்டு அடுக்குங்கோ, இல்லாட்டிக் கறையான் வரும். மேல மட்டும் தகரம், தறப்பாளைச் சுத்திக் கட்டினா உள்ளுக்க வேர்த்து ஊத்தும், கனபேர் அதைத்தான் செய்யினம்!

காய்ஞ்சிட்டுதோ எண்டு பாக்க ஒரு துண்டை வெட்டின அண்டைக்கே தராசில நிறுத்து அடையாளம் போட்டு வையுங்கோ. ஒரு கிலோ இருந்தது 600, 650 கிராமுக்கு வந்து அதுக்கு மேல குறையாம நிண்டால் சரி. ரெண்டு துண்டைத் தட்டினாலும் டங் எண்டு கேக்கும், ஈரமெண்டால் தொப்பெண்டு.

எவ்வளவு வேணும்? கணக்குப் பாத்தால் 12.5 கிலோ சிலிண்டர் செய்யிற வேலைக்கு அநாகி எண்ட ரெண்டு பானை வைக்கிற மண் அடுப்பில காய்ஞ்ச விறகு கிட்டத்தட்ட 100, 120 கிலோ போகும். மூண்டு கல்லு அடுப்பெண்டால் அதின்ர ரெண்டு மடங்கு, அதால முதல் செலவு அநாகி அடுப்புக்குத்தான், வெறும் மண்தானே, பெரிய விலையில்லை. புகை போக வழி இல்லாத குசினியில எரிக்கிறேல்ல, குழந்தைப்பிள்ளையள் இருந்தா இன்னும் கவனம்.

பெயின்ற் அடிச்ச பலகை, பிளைவுட், அலரித் தடி அடுப்புக்குள்ள போகக் கூடாது, அலரியின்ர புகையும் நஞ்சு. அடுக்கில இருந்து விறகு உருவேக்க முதல்ல ஒரு தடியால தட்டுங்கோ, பூரான், பாம்பு ரெண்டுக்கும் அது நல்ல வீடு. சாம்பலைத் தோட்டத்துக்குப் போடலாம், ஆனா ஒரு நாள் ஆற விட்டுப் போடுங்கோ, அடியில தணல் கிடக்கும், பிளாஸ்டிக் வாளியெண்டால் ஓட்டைதான்.